பழனிப் பக்கத்துக் குரல்

“வாயத் தொறந்து சொல்லு பாப்பா! இது இவ குரலா, இல்லையா?”

அடுத்த வீட்டுக் கஸ்பார் தன் இளைய மகளிடம் போட்ட சத்தத்தில் எங்கள் வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பதே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அன்றைக்குப் பருப்பு குழைந்ததற்கு முழுப் பொறுப்பும் அவருடையதுதான்.

“அதுகிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? நான்தான் சொல்றனே, நான் அனுப்பலீங்க!” என்றாள் அறிவுச்செல்வி. கஸ்பார் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. நெய்க்காரப்பட்டியிலிருந்து எங்கள் தெருவுக்கு வாழ வந்தவள்.

“நீ அனுப்பாம? இந்தத் தெருவுல ஏனுங்க, வருமுங்கன்னு இழுக்குறது வேற யாரு? நானா? எம்பொண்டாட்டியா?”

“அப்படிப் பேசுனா நானாயிருவனுங்களா? பஸ் ஸ்டாண்டுல போயி நின்னு பாருங்க. பழனி பஸ்ஸுல எறங்கற அத்தன பேரும் அப்படித்தான் பேசுவாங்க.”

“பஸ்ஸுல எறங்குறவளுக்கு எம்மக கல்யாணத்துல என்ன வேல?”

இதே கேள்விதான் எங்களுக்கும். நாங்கள் என்றால், தற்செயலாக அந்த நேரம் பார்த்து வாசலுக்கு வந்திருந்த ஏழெட்டு வீட்டுக்காரர்கள்.

விஷயம் இதுதான். கஸ்பாரின் மூத்த மகள் மரியசெல்விக்கு நத்தம் பக்கத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. பையன் பெயர் பிராங்கிளின். மாந்தோப்பு, மாடி வீடு, ஒரே மகன். போன ஞாயிறு கோயிலில் முதல் ஓலை வாசித்தார்கள். ஓலை என்றால் என்ன என்று எதிர்வீட்டு மெஹராஜக்கா கேட்டபோது நான்தான் விளக்கினேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் பையன் பெயரையும் பெண் பெயரையும் வாசித்து, “இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்” என்று சொல்லுவார்.

“அடியாத்தி! கோள் சொல்றவங்களுக்கு மைக் போட்டுக் கூப்பாடா?” என்றார் மெஹராஜக்கா. எனக்கு அந்தப் பேச்சு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

எத்தனையோ வருடமாக ஓலை வாசிக்கிறார்கள். ஒருத்தரும் போய் எதையும் தெரிவித்ததில்லை. தெரிந்ததையெல்லாம் நாங்கள் எங்களுக்குள்ளேயே தெரிவித்துக்கொள்வோம். இந்தத் தடவைதான், வெள்ளிக்கிழமை கோயில் ஆபீஸ் வாட்ஸப்புக்கு ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. புது நம்பர், திருப்பிக் கூப்பிட்டால் அணைத்து வைத்திருந்தது.

“ஏனுங்க, கோயில் ஆபீசுங்களா? ஓலை வாசிச்சீங்கல்ல, கஸ்பார் ஊட்டுப் பொண்ணு, அதுக்கு வலிப்பு வருமுங்க. சின்னதுல இருந்தே மாத்திரை சாப்புடுதுங்க. மாப்ள ஊட்ல சொல்லாம மறச்சுப் போட்டாங்க. சொல்லிப்போட்டுக் கல்யாணம் பண்ணச் சொல்லுங்க.”

கோயில் ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் சூசைமுத்து ரகசியம் காப்பதில் பெயர் போனவர். ஆகையால் “யார் குரல்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்று நம்பிக்கையான ஒரே ஒருவருக்குத்தான் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் அது எங்கள் தெருக் கைபேசிகளையெல்லாம் சுற்றி நத்தத்துக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை நேரில் வந்து பேசுவதாக மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டார்கள். அது பொய், பொறாமைக்காரி ஒருத்தி கிளப்பிவிட்டது என்று அவர்களுக்கு நிரூபித்தால் கல்யாணம் நிற்காது. கஸ்பாருக்கு அவசரமாக ஒரு பொறாமைக்காரி தேவைப்பட்டாள்.

எங்களுக்கோ வேறு கவலை. ஒரே தெருவில் இருந்துகொண்டு இது மட்டும் எப்படி நமக்குத் தெரியாமல் போயிற்று? அவமானமாக இருந்தது.

இதற்குள் இளைய மகள் அனிஷா ஏன் வந்தாள் என்று கேட்பீர்கள். அவள் ஐதராபாத் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மொழியியல் என்று ஒன்றைப் படிக்கிறாள். இளங்கலைதான், இரண்டாம் வருடம். இஞ்சினியரிங், நர்சிங் என்றால் தெருவுக்குப் புரியும். மொழியியல் என்றதும், “அப்ப எத்தன பாஷ தெரியும்?” என்று கேட்டோம். “அது இல்லக்கா, பாஷை எப்படி வேலை செய்யுதுன்னு படிக்கிறது” என்றாள். பாஷைக்கு என்ன வேலை, பேசுவதைத் தவிர? மெஹராஜக்கா, சவூதியிலிருந்து அவர் வீட்டுக்காரர் கொண்டுவந்த தைலப் புட்டியை எடுத்துப்போய், அரபியில் என்ன எழுதியிருக்கிறது, முழங்காலுக்குத் தேய்க்கலாமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அன்றோடு அவள் படிப்பின்மேல் எங்களுக்கிருந்த மரியாதை கொஞ்சம் இறங்கிவிட்டது.

இந்த லீவுக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார்கள். வேறு ஊரிலிருந்து வாழ வந்த பெண்களின் பேச்சு, வந்த ஊரில் எப்படி மாறுகிறது என்று பதிவு செய்து எழுதிக்கொண்டு போக வேண்டும். அறிவுச்செல்வி கிடைத்தாள். முருங்கைக்கீரை உருவியபடி ஊர்க் கதையெல்லாம் சொன்னாள். “இது எங்க சாரும் நானும் மட்டுந்தான் கேப்போம் அறிவக்கா, வேற யாருக்கும் போட்டுக்காட்ட மாட்டேன்” என்று அனிஷா வாக்குக் கொடுத்ததும் என் காதில் விழுந்தது. நான் அப்போது கறிவேப்பிலை கேட்கப் போயிருந்தேன்.

அப்புறம் அந்தப் பேச்சை மடிக்கணினியில் ஓடவிட்டு எழுத ஆரம்பித்தாள். ஒரு நிமிடப் பேச்சை எழுத ஒரு மணி நேரம் கேட்பாளாம். காதில் மாட்டும் கருவி பழுது என்று வெளியிலேயே ஓடவிட்டாள். “எங்கய்யன் கரும்பு வண்டி மேல உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போவாருங்க… கரும்பு வண்டி மேல… கரும்பு வண்டி…” அறிவுச்செல்வியின் அப்பா அந்த வண்டியில் எங்கள் தெருவைச் சுற்றியே பல மைல் போயிருப்பார்.

சனிக்கிழமை வாசலில் நடந்த சண்டைக்கு வருகிறேன்.

“அதான் இவ பேச்சப் புடிச்சு வச்சிருக்கேல்ல, ரெண்டையும் போட்டுப் பாத்துச் சொல்லு. இதுக்குத்தான அம்புட்டுத் தூரம் படிக்கப் போன?” என்றார் கஸ்பார்.

அனிஷா தயங்கினாள். ஆனால் இரண்டு வருடமாக அவள் படிப்பைப் பற்றி அவள் அப்பா கேட்ட முதல் கேள்வி அது. தெருவே வேறு வாய் பார்த்து நிற்கிறது. மடிக்கணினியை எடுத்துவந்து படியில் வைத்தாள். இரண்டு குரலையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். திரையில் அலை அலையாகக் கோடு வந்தது. வாக்குக் கொடுத்தது எங்கள் எல்லார் முன்னாலும் காற்றோடு போயிற்று.

“பழனிப் பக்கத்துப் பேச்சுதான்” என்றாள் கடைசியில். “ஏத்த எறக்கம் எல்லாம் அறிவக்கா பேசுற மாதிரியேதான் இருக்கு.”

‘மாதிரி’ என்று சொன்னதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

“படிச்ச புள்ளயே சொல்லிருச்சு!” என்றது கூட்டம். அந்த நிமிடமே அவளுக்குப் பட்டம் கொடுத்துவிட்டோம்.

“ஏங்கண்ணு, நீயுமா?” என்றாள் அறிவுச்செல்வி.

அவள் புருஷன் ஆனந்த்ராஜ் அதுவரை தலைகுனிந்து நின்றிருந்தான். அவனுக்குச் சோறு போடுவது கஸ்பாரின் இரும்புச் சாமான் கடை. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியை நினைத்தானோ என்னவோ, திரும்பி, “போதும்டி ஒன்னால வாங்குன பேரு. நாளைக்கே ஒங்க ஊருக்குக் கெளம்பு” என்றான்.

மறுநாள் ஞாயிறு. வீட்டில் இத்தனை நடந்தும், மரியசெல்வியைப் பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க அனுப்பினார் கஸ்பார். வழக்கமாக முதல் வாசகம் அவளுடையதுதான். “நீ போயி நிமிந்து நின்னு வாசி. நம்ம மேல தப்பில்லனு ஊருக்குத் தெரியட்டும்” என்றாராம். சாமியார் இரண்டாம் ஓலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மரியசெல்விக்கு ஒரு பழக்கம். மைக் முன்னால் நின்றதும், வாய் திறக்குமுன் மூக்கால் சின்னதாக ஒரு மூச்சை இழுத்துப் பாதியில் நிறுத்துவாள். கோயிலில் இருக்கும் ஒலிபெருக்கிப் பெட்டி எல்லாவற்றிலும் அது கேட்கும். எத்தனையோ ஞாயிறு கேட்டிருக்கிறோம். அன்றைக்கும் கேட்டது. எனக்கு முன் பெஞ்சில் இருந்த அனிஷாவின் முதுகு சட்டென்று விறைத்தது. பிறகு கைபேசியை எடுத்துக் காதோடு வைத்து, பூசை நேரத்தில், எதையோ கேட்டாள். என்ன மரியாதைகெட்ட பிள்ளை என்றுதான் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து நானும் அந்தப் பதிவை ஓடவிட்டுப் பார்த்தேன். ‘ஏனுங்க’வுக்கு முன்னால், அந்த மூச்சு. இழுத்து, பாதியில் நிறுத்தி.

எங்கள் மாடிக்கும் அவர்கள் மாடிக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். மத்தியானம் துணி எடுக்கப் போனேன். துணி இன்னும் காயவில்லை. ஆகவே தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்த நேரம் நிற்க வேண்டியதாயிற்று.

“ஒன்னையவே நீ எதுக்குக்கா இப்படிச் சொல்லிக்கிட்ட?” என்றது அனிஷாவின் குரல்.

“பொய்யா சொன்னேன்? வருதுல்ல?” என்றாள் மரியசெல்வி. “அம்மாகிட்ட எத்தன தடவ சொன்னேன், அவுககிட்டச் சொல்லிருங்கன்னு. தாலி ஏறட்டும், பெறகு பாத்துக்கலாம்னாக. பெறகு என்னத்தப் பாக்குறது? நான் விழுந்து கெடக்குறதப் பாத்து அந்தாளு பயந்து ஓடுறதையா?”

“நீயே மாப்பிள்ளைகிட்டச் சொல்லிருக்கலாம்ல.”

“அப்பா சிலுவ மேல கைவைக்கச் சொல்லி சத்தியம் வாங்கிட்டாரு. எம் வாயால சொல்ல மாட்டேன்னு.”

“அதுக்கு அறிவக்கா வாயா?”

“எங்குரல்ல பேசுனா தெரிஞ்சுரும். எப்படிப் பேசுறதுன்னு யோசிச்சேன். அது ஒண்ணுதான் வந்துச்சு. நீதானடி நாள் பூரா ஓட விட்ட? கண்ண மூடுனா கரும்பு வண்டிதான் வருது.”

“போன மழையில, இந்த மாடியில, நீ விழுந்தப்ப யாரு ஒன்னையத் தாங்குனது? நாக்கு கடிபடாம சாச்சுப் படுக்க வச்சு, வாயத் தொடச்சுவிட்டு, இன்னவரைக்கும் ஒருத்தர்கிட்ட மூச்சு விடல அந்தக்கா.”

“தெரியும்.”

“அதான் அப்பாவுக்கு அவங்க மேலயே சந்தேகம். வெளியாளுல பாத்தது அவங்க மட்டுந்தான்.”

“தெரியும்ங்கிறேன்ல!” மரியசெல்வி அழுதாள். “யாரோ ஒருத்தின்னு போயிரும்னு நெனச்சேன். ஒன்னைய வச்சுச் சாட்சி சொல்ல வைப்பாருன்னு கண்டேனா? நீ ஏன்டி அப்படிச் சொன்ன?”

“அப்ப எனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு” என்றாள் அனிஷா. அப்புறம், “சாயங்காலம் அவங்க கெளம்புறாங்க. அதுக்குள்ள நீ சொல்லணும். இல்ல, நான் சொல்லிருவேன்.”

“சொன்னா எனக்கு நீ தங்கச்சி இல்ல.”

“சொல்லாட்டி மட்டும்?”

துணி காய்ந்துவிட்டது. நான் இறங்கிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று தீர்மானித்து, மெஹராஜக்காவிடம் மட்டும் சொன்னேன்.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ வந்தது. அறிவுச்செல்வி ஒரு பெட்டியும் ஒரு கட்டைப்பையுமாக ஏறி உட்கார்ந்தாள். ஆனந்த்ராஜ் பெட்டியைத் தூக்கி வைத்ததோடு சரி. தெருவில் அன்றைக்கு எல்லார் வீட்டு வாசலும் ஒரே நேரத்தில் அழுக்காகியிருந்தது. எல்லார் கையிலும் விளக்குமாறு.

அனிஷா ஓடிவந்து ஆட்டோவின் முன்னால் நின்றாள். “அப்பா, நேத்து நான் சொன்னது தப்பு. பேச்ச வச்சு எந்தப் பக்கத்துப் பேச்சுன்னு சொல்லலாம். எந்த ஆளுன்னு சொல்ல முடியாது. யாரு வேணும்னாலும் அப்படிப் பேசலாம்.”

“நேத்து கோடெல்லாம் போட்டுக் காட்டுன?” என்றார் கஸ்பார்.

“அந்தக் கோட வச்சு அப்படிச் சொல்லக் கூடாதுப்பா. நான் இன்னும் அந்தளவுக்குப் படிக்கல.”

“ரெண்டு வருசமா அப்ப என்னத்தத்தான் படிச்ச?” என்று ஒரு விளக்குமாறு கேட்டது. தெரியும் என்றபோது பட்டம் கொடுத்தவர்கள், தெரியாது என்றதும் ஒரே நாளில் பிடுங்கிக்கொண்டோம்.

“சரி, இவ இல்ல. அப்ப யாரு? பேரச் சொல்லு” என்றார் கஸ்பார். பின்னால் அவர் மனைவி ஆனந்தமேரி டீச்சர், வகுப்பில் சத்தம் போடும் பிள்ளையை அடக்குவதுபோல், உதட்டில் விரலை வைத்து மகளைப் பார்த்தாள். டீச்சரம்மாவுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்கும் என்பது என் கணிப்பு.

அனிஷா வீட்டு வாசலைப் பார்த்தாள். ஆட்டோவைப் பார்த்தாள். “அப்பா, அது…”

“ஏனுங்க, அந்தக்காவை எறக்கி உடுங்க. அனுப்புனது நானுங்க.”

அதே குரல். அதே இழுவை. அத்தனை தலையும் ஆட்டோவுக்குள் திரும்பியது. அறிவுச்செல்வி முந்தானையைப் பல்லில் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் வாய் அசையவே இல்லை.

அப்புறம்தான் எல்லாரும் வாசலைப் பார்த்தோம். படியில் மரியசெல்வி. காலையில் வாசகத்துக்குக் கட்டிய சேலையை இன்னும் மாற்றவில்லை.

“எனக்கு வலிப்பு வரும்” என்றாள், இப்போது தன் சொந்தக் குரலில். “மாத்திரை சாப்புடுறேன். நெதம் வேலைக்குப் போறேன். இம்புட்டுத்தான் விஷயம். இத ஒங்க யாராலயும் சொல்ல முடியல.”

ஆனந்தமேரி படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கஸ்பார் மூத்தவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இளையவளிடம் திரும்பி, “எல்லாம் ஒன் படிப்பால வந்த வென. ஊராம்பேச்ச வீட்டுக்குள்ள கொண்டாந்து கொட்டுன” என்றார்.

ஆனந்த்ராஜ் ஆட்டோவுக்குள் கை நீட்டி, “எறங்கு அறிவு, அதான் தெரிஞ்சுபோச்சுல்ல” என்றான்.

“எனக்கு நேத்தே தெரியுமுங்க, நான் செய்யலைன்னு” என்றாள் அவள். “உங்களுக்குத்தான் ஊரு சொல்லித் தெரிய வேண்டியிருக்குது. வண்டிய எடுங்கண்ணா.”

ஓட்டுநர் கிளப்பினார். அனிஷா கம்பியைப் பிடித்தபடி இரண்டடி நடந்தாள். “அறிவக்கா…”

“அந்தப் பொட்டிக்குள்ள இருக்கற என்ற பேச்சையெல்லாம் அழிச்சுப்போடு கண்ணு” என்றாள் அறிவுச்செல்வி. “உங்கூட்டுக்குக் குடுத்தது போதும்.” மரியசெல்வி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

நத்தம்காரர்கள் திங்கட்கிழமை வரவில்லை. போனில் மட்டும் சொன்னார்கள்: “நோவுக்காக இல்லைங்க, மறச்சீகல்ல, அதுக்காகத்தான்.” எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். அடுத்த மாம்பழ சீசனுக்குள் பிராங்கிளினுக்குக் கன்னிவாடிப் பெண் ஒருத்தியோடு கல்யாணம் நடந்தது. அந்த ஓலை எங்கள் கோயிலில் வாசிக்கப்படவில்லை. ஆகவே அவளுக்கு என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எங்களுக்குத் தெரியாது.

அனிஷா அறிவுச்செல்வியின் பேச்சு முழுவதையும் அழித்தாள். லீவு முழுக்க எழுதியதும் அதோடு போயிற்று. வெறுங்கையோடு போய் நின்றதில் அந்தப் பாடத்தில் தேறவில்லை என்று கேள்வி. மறுபடி எழுதினாள். கஸ்பார் செலவுக்கு அனுப்ப மாட்டேன் என்றபோது, ஆனந்தமேரிதான் தன் சம்பளத்திலிருந்து கட்டினாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, மகளும் கேட்கவில்லை. இப்போது அவள் ஊருக்கு வந்தால், கையில் கைபேசி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நாங்கள் வாயைத் திறக்கிறோம். அவளும் யாரையும் பேசச் சொல்லிக் கேட்பதில்லை. எங்களுக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஆனந்த்ராஜ் ஒரு மாதம் தாக்குப்பிடித்தான். பிறகு கடை வேலையை விட்டுவிட்டு நெய்க்காரப்பட்டிக்கே போய்விட்டான். பழனியில் ஏதோ கடையில் கணக்கு எழுதுகிறானாம். அவனும் இப்போது ‘ஏனுங்க, வருமுங்க’ என்று இழுத்துத்தான் பேசுகிறானாம். அவர்கள் வீட்டுக்கு வத்தலக்குண்டுக்காரர்கள் குடிவந்திருக்கிறார்கள். யாரிடமும் வாயே திறக்காத குடும்பம்.

மரியசெல்வி திருச்சியில் பள்ளிக்கூட வேலை வாங்கிக்கொண்டு போனாள். அங்கேயே ரொனால்டு என்று ஒருவர், மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவரிடம் முதல் நாளே எல்லாம் சொல்லித்தான் கல்யாணப் பேச்சே ஆரம்பித்ததாம். “நல்லதாப் போச்சு, மாத்திரைக்குப் பஞ்சமில்ல” என்றார் மெஹராஜக்கா. பெண் ஊர் என்பதால் அந்த ஓலை மூன்று ஞாயிறும் எங்கள் கோயிலிலும் வாசிக்கப்பட்டது. தடை இருந்தால் தெரிவிக்கவும் என்று சாமியார் சொன்ன மூன்று தடவையும் கோயிலில் ஒரு இருமல்கூட இல்லை.

நெய்க்காரப்பட்டிக்கு மரியசெல்வியே போய்ப் பத்திரிகை வைத்தாள். கல்யாணத்துக்கு ஆனந்த்ராஜ் மட்டும் வந்து, சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டுப் பஸ் ஏறினான். அனிஷா முதல்நாள் வந்து மறுநாள் ஐதராபாத்துக்குக் கிளம்பிப் போனாள். அக்காவும் தங்கையும் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்காதீர்கள். நான் பக்கத்திலேயேதான் நின்றேன். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.